இதயத்துக்கான தொல்ஸ்லாவியச் சொல்: பதிவில் எந்த வடிவம், எந்தப் பகுதி, எந்தப் பொருள்?

இதயத்தைக் குறிக்க ரஷ்யத்தில் ஸேர்த்ஸெ, போலிஷில் ஸெர்த்ஸெ, உக்ரைனியத்தில் ஸேர்த்ஸெ. செக், ஸ்லோவேனியம், செர்பியம் மூன்றிலும் ரகரமே அசையைத் தாங்கும் ஸ்ர்த்ஸெ. ஜெர்மனியின் கிழக்கில் பேசப்படும் ஸ்லாவிய மொழியான மேல் ஸோர்பியம் விலகி நிற்கிறது. அங்கே உள்ளுறுப்பைக் குறித்த வேறொரு சொல்லான வுத்ரொபா இதயத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மற்றவை எல்லாம் ஒரே தொல்ஸ்லாவியச் சொல்லிலிருந்து, அதாவது ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான, ஏட்டில் இல்லாத மொழியின் சொல்லிலிருந்து வந்தவை. அந்தச் சொல் உருவத்தில் ஒரு சிறுமைப் பெயர், அதாவது வேரோடு சிறுமை விகுதி சேர்ந்து ஆனது.

மூலம் ஒன்றுதான் என்பதில் சண்டை இல்லை. அகராதிக்குச் சொற்பிறப்புப் பதிவு எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்கும். ரகரத்துக்கு முன்னால் உயிரை நிறுத்துவதா, பின்னால் நிறுத்துவதா? விகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்தது? எவ்வளவு பழைய வடிவத்தைத் தலைச்சொல்லாக்குவது? பொருளை 'இதயம்' என்று எழுதுவதா, 'சிறு இதயம்' என்றா? ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள் அச்சில் புழங்குகின்றன. அவற்றில் எது சான்றோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்போம்.

முதலில் எழுத்து ஏற்பாடு. தொல்ஸ்லாவியத்தில் மிகக் குறுகிய உயிர்கள் இரண்டு உண்டு, இகரச் சாயலில் ஒன்று, உகரச் சாயலில் ஒன்று. நம் குற்றியலிகரம், குற்றியலுகரம் என்ற பெயர்கள் இவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். வரும் இடம் வேறு, ஓசையளவு நெருக்கமானது. இங்கே குறில் இ, உ எழுதினால் அந்தக் குறுகிய உயிர்கள். ஈ, ஊ எழுதினால் முழு உயிர்கள். இது வசதிக்காக மட்டும் வகுத்ததல்ல, வரலாறும் இப்படித்தான்: குறுகிய உயிர்கள் பழைய குறில்களிலிருந்தும், முழு ஈகாரம் பெரும்பாலும் பழைய நெடிலிலிருந்தும் ஈருயிர்ச் சேர்க்கையிலிருந்தும் வந்தவை. அதேபோல் ஒ பழைய குறில் அகரத்திலிருந்தும், ஆ பழைய நெடிலிலிருந்தும் வந்தன. த்ஸ் என்று இரண்டு எழுத்தாகத் தெரிவது ஒரே மெய். உடுக்குறி (*) இட்ட வடிவம் மீட்டுருவாக்கம், அதாவது சேய்மொழிகளை ஒப்பிட்டு ஊகித்தது. குறி இல்லாதது ஏட்டில் கிடைப்பது. தெற்கு ஸ்லாவியத்தின் மிகப் பழைய ஏட்டுமொழியான பழைய திருச்சபை ஸ்லாவியத்தின் சொல்லுக்கு உடுக்குறி போடுவது அடிக்கடி காணும் பிழை. அது எழுத்தில் உள்ள மொழி, மீட்கப்பட்டதல்ல.

ரகரத்துக்கு முன்னா, பின்னா

போட்டியில் மூன்று வடிவங்கள்: *ஸிர்தித்ஸெ, *ஸ்ரிதித்ஸெ, உயிரே இல்லாமல் ரகரத்தை உயிராக்கி எழுதும் *ஸ்ர்தித்ஸெ.

இரண்டாவது வடிவம் பழைய திருச்சபை ஸ்லாவியத்தை அப்படியே நம்புவதால் வருவது. அந்த ஏடுகள் குற்றியலிகரத்தை ரகரத்துக்குப் பின்னால்தான் எழுதுகின்றன: ஸ்ரிதித்ஸெ. ஆனால் அவை 'சிலுவை' என்ற சொல்லையும் அதே வரிசையில் க்ரிஸ்து என்று எழுதுகின்றன. தெற்கு ஸ்லாவியத்தில் இரண்டு வரிசைகளும் ஒன்றாகிவிட்டதால், அந்த எழுத்தை வைத்துப் பழைய வரிசையைக் கண்டுபிடிக்க முடியாது. ரஷ்யத்தில் வேறுபாடு பிழைத்திருக்கிறது. சிலுவை அங்கே கிரெஸ்த், உயிர் பின்னால். இதயம் ஸேர்த்ஸெ, உயிர் முன்னால். ஸ்லாவியத்துக்கு நெருங்கிய உறவான பால்டிக் மொழிகளில் ஒன்றான லித்துவேனியத்தில் இதயம் ஷிர்திஸ், அதிலும் உயிர் முன்னால்தான். ஆகவே *ஸ்ரிதித்ஸெ விலகுகிறது. திருச்சபை ஸ்லாவியம் வயதில் மூத்தது என்பதற்காக ஒவ்வொரு கூறிலும் மூத்த சான்றாகிவிடாது.

மூன்றாவது வடிவம் செக், செர்பிய உச்சரிப்போடு அழகாகப் பொருந்தும். ஆனால் இகரச் சாயலா, உகரச் சாயலா என்ற தகவலை அது தொலைத்துவிடும். தொண்டையைக் குறிக்கும் *குர்த்லொ செர்பியத்தில் க்ர்லொ, இதயம் ஸ்ர்த்ஸெ, இரண்டிலும் ஒரே ரகரம். ரஷ்யத்தில் கோர்லொ, ஸேர்த்ஸெ என்று பிரிகின்றன. மீட்டுருவாக்க வடிவம் எல்லாக் கிளைகளின் வேறுபாடுகளையும் விளக்க வேண்டும் என்பதால் *ஸிர்தித்ஸெ ஒன்றே தேறும்.

விகுதி எதனோடு சேர்ந்தது

பதிவின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. பல பதிவுகள் 'லித்துவேனிய ஷிர்திஸ் போன்ற சொல்லின் சிறுமை வடிவம்' என்று ஒரே வரியில் கடந்துபோகின்றன. அந்த வரியைக் கொஞ்சம் சோதித்தாலே விரிசல் தெரியும்.

சாத்தியமான பகுதிகள் மூன்று. ஷிர்திஸ் போன்ற பெண்பால் இகர ஈற்றுப் பகுதி ஒன்று. இம்மொழிகளுக்கெல்லாம் மூலமான தொல் இந்தோ-ஐரோப்பியத்திலிருந்து வந்த நடுப்பால் வேர்ப்பெயர், அதாவது விகுதி இல்லாமல் வேரே பெயராக நிற்பது, மற்றொன்று. புதிதாக ஒகர ஈறு ஏற்ற நடுப்பால் *ஸிர்தொ மூன்றாவது.

பால்தான் இங்கே நடுவர். தொல்ஸ்லாவியத்தில் இந்தச் சிறுமை விகுதி பொதுவாக மூலச்சொல்லின் பாலையே பின்பற்றும், மூன்று பாலுக்கும் மூன்று முடிவு. ஆண்பால் *கொர்து, 'அரண் சூழ்ந்த இடம்', *கொர்தித்ஸி ஆகும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தின் பெயரே இந்தச் சொல்லின் தெற்கு ஸ்லாவிய வடிவத்திலிருந்து வந்ததுதான். நடுப்பால் *யாயெ, 'முட்டை', *யாயித்ஸெ ஆகும். பெண்பால் இகர ஈறு என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான சாட்சி ஆடு: லித்துவேனியத்தில் அவிஸ், பெண்பால். ஸ்லாவியத்தில் *ஒவித்ஸா, அதுவும் பெண்பால். சமஸ்கிருதத்திலும் அதே அமைப்பில் அவிகா என்ற சொல் உண்டு, ரிக்வேதம் 1.126.7 காந்தாரத்து ஆட்டைக் குறிக்க அதை ஆள்கிறது. இதயத்தின் பகுதி ஷிர்திஸ் போலப் பெண்பாலாக இருந்திருந்தால் விளைவு *ஸிர்தித்ஸா என்றிருக்க வேண்டும். எந்த ஸ்லாவிய மொழியிலும் அப்படியொரு வடிவம் இல்லை. எங்கும் நடுப்பால்.

நடுப்பால் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஹிட்டைட்டின் கெர், ஹோமரின் கிரேக்கத்தில் வரும் கேர், லத்தீனின் கோர் மூன்றுமே நடுப்பால். பால்டிக் பக்கத்திலேயே பழைய பிரஷ்யம் ஸெய்ர் என்ற குட்டைச் சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. லித்துவேனியப் பெண்பால் இகர ஈறு பின்னால் வந்த மாற்றம் என்பதற்கு அந்த மொழியே தடயம் விட்டிருக்கிறது. பன்மை ஆறாம் வேற்றுமையில் இகர ஈற்றுக்குரிய வடிவத்தோடு, மெய்யீற்றுப் பகுதிக்குரிய பழைய ஷிர்தூ என்பதும் கிடைக்கிறது. ஆக லித்துவேனியமும் ஸ்லாவியமும் ஒரே பழைய வேர்ப்பெயரைத் தனித்தனி வழியில் செப்பனிட்டன. ஒன்று மற்றதற்குப் பகுதி அல்ல.

இதற்கு மறுப்பாக, விகுதியின் முதல் இகரம் எங்கிருந்து வந்தது, இகர ஈற்றுப் பகுதியிலிருந்துதானே என்று கேட்பார்கள். *ஒவித்ஸாவில் அது உண்மை. அங்கே 'அவி' முழுதும் பகுதி, 'கா' மட்டும் விகுதி. ஆனால் காலப்போக்கில் அந்த இகரம் விகுதியின் பங்காக எண்ணப்பட்டு, இகரமே இல்லாத *கொர்து, *யாயெ போன்றவற்றோடும் சேர ஆரம்பித்தது. ஆகவே இகரத்தை வைத்துப் பகுதியை அடையாளம் காண முடியாது, பாலை வைத்துத்தான் முடியும்.

*ஸிர்தொ? இதை ஆதரிப்பவர்கள் காட்டுவது 'இரக்கமுள்ள' என்று பொருள்படும் *மீலொஸிர்து. லத்தீனின் மிஸெரிகோர்ஸ் போன்ற சொல்லைப் பார்த்து உருவான தொகைச்சொல் அது. பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கிலும் அதே வார்ப்பில் அர்மஹெர்த்ஸ் உண்டு. இந்தத் தொகைச்சொல் மிக முக்கியமான ஒன்றை நிரூபிக்கிறது: சிறுமை விகுதி வேரோடு ஒட்டிப் பிரிக்க முடியாததாக இன்னும் ஆகவில்லை, வேரைத் தனியே எடுத்துப் புதுச்சொல் படைக்க முடிந்தது. 'கோபமான' என்ற ரஷ்யச் சொல் ஸெர்தீத்திய் என்பதிலும் விகுதி இல்லாத வேர்தான். ஆனால் *மீலொஸிர்து ஓர் அடைமொழி, அதன் ஈறு அடைமொழிக்கு உரிய ஈறு. அதைக் காட்டித் தனிப்பெயர் *ஸிர்தொ இருந்தது என்று சொல்ல முடியாது. பதிவில் 'நடுப்பால் வேர்ப்பெயர் + சிறுமை விகுதி' என்று எழுதுவதே சான்று அனுமதிக்கும் எல்லை.

ஏன் சிறுமை விகுதி தேவைப்பட்டது? அன்பின் வெளிப்பாடு என்பது ஒரு விளக்கம், சொல்லமைப்பின் பழுதுநீக்கம் மற்றொன்று. தந்தையைக் குறிக்கும் *ஒத்தித்ஸி விஷயத்தில் முதல் விளக்கம் இயல்பாகப் பொருந்தும். அதன் அடியில் இருப்பது கோத்திக் அத்தாவோடு உறவுள்ள மழலைச் சொல். இதயத்துக்கும் சூரியனுக்கும் இரண்டாவதே வலுவானது. ஸ்லாவியம் சொல்லிறுதி மெய்களை எல்லாம் இழந்த மொழி. அங்கே ஓரசை வேர்ப்பெயரின் எழுவாய் வடிவம் தேய்ந்து, பிற வேற்றுமை வடிவங்களோடு முகஒற்றுமையே இல்லாமல் போகும். நடுப்பாலில் வேர்ப்பெயர் என்ற வகையே ஸ்லாவியத்தில் எஞ்சவில்லை. பிழைக்க வேண்டுமானால் ஒழுங்கான வேறொரு வகையில் சேர வேண்டும், விகுதி அதற்கு வழி செய்தது. சூரியனுக்கான *ஸுல்நித்ஸெ அச்சாக இதே கதை: பழைய நடுப்பால் பெயர், ஒழுங்கற்ற வேற்றுமை வடிவங்கள், அதே விகுதி, அதே பால். 'சூரியன் செல்லும் திசையில்' என்ற ரஷ்யச் சொல் பொஸொலொன் என்பதில் விகுதி இல்லாத வடிவம் தங்கியிருக்கிறது. ஸ்லாவியத்துக்கு வெளியே பிரெஞ்சின் ஸொலேய் இப்படித்தான் வந்தது, லத்தீன் ஸோலின் சிறுமை வடிவத்திலிருந்து.

எவ்வளவு பழைய வடிவம்

தலைச்சொல்லாக *ஸிர்தித்ஸெ என்ற பிற்கால வடிவத்தை வைப்பதா, *ஸிர்திக என்ற முற்கால வடிவத்தையா? முற்கால வடிவம் விகுதியை வெளிப்படையாகக் காட்டும், அதன் ககரத்தைப் பார்த்ததும் அவிகாவோடு உறவு புரியும். அது வெறும் ஊகமும் அல்ல. பின்னிஷ் கடன்வாங்கிய சொற்களில் அந்தப் பழைய ஓசைகள் உறைந்திருக்கின்றன: *ஒகுநொ, 'சன்னல்', அங்கே அக்குன. *பொபு, 'அவரை', அங்கே பபு. ஒகரத்துக்கு அகரமும், குற்றியலுகரத்துக்கு உகரமும் அப்படியே நிற்கின்றன.

இருந்தும் தலைச்சொல்லுக்குப் பிற்கால வடிவமே நல்லது. சேய்மொழிகளை நேரே விளக்குவது அது. தொல்ஸ்லாவியச் சொற்பிறப்பு அகராதிகள் பொதுவாக அந்த அடுக்கில்தான் அகர வரிசை அமைத்திருக்கின்றன. முற்கால வடிவத்தைச் சொல்வரலாற்றுப் பகுதியில் ஒரு வரியில் தந்தால் போதும். இரண்டு அடுக்குகளையும் கலந்து *ஸிர்திகெ என்று எழுதுவதுதான் உண்மையான ஆபத்து. அப்படியொரு வடிவம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஏன் இல்லை என்பதற்கு மாற்றங்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். இகரச் சாயல் உயிருக்குப் பின்வந்த ககரம் த்ஸகரமாக மென்மையடைந்தது. மொழியியலாளர் போடுவான் டெ குர்டெனே 1894இல் விளக்கிய முன்னோக்கு அண்ணமயமாக்கம் இது, அதாவது முன்னுள்ள உயிரால் மெய் மென்மையாவது. மென்மெய் வந்த பிறகுதான் அதை அடுத்த ஒகரம் எகரமானது. ககரம் இருக்கும்போது எகரத்துக்கு இடமே இல்லை. விகுதியின் உயிர் உகரச் சாயலாக இருந்தால் ககரம் அசையவே அசையாது: *தொமு, 'வீடு', *தொமுக்கு ஆகும். அதுவே செக், போலிஷ் மொழிகளில் தொமெக். ஒரே சிறுமை விகுதிதான், முன்னால் நிற்கும் குறுகிய உயிரைப் பொறுத்து த்ஸ, க என்று பிரிகிறது.

வேற்றுமை வடிவங்கள்

சொல் மென்மெய்ப் பகுதி நடுப்பால் வகை. ஒருமையில் எழுவாய், இரண்டாம் வேற்றுமை, விளி மூன்றும் *ஸிர்தித்ஸெ. ஆறாம் வேற்றுமை *ஸிர்தித்ஸா, நான்காம் *ஸிர்தித்ஸூ, மூன்றாம் *ஸிர்தித்ஸெமி, ஏழாம் *ஸிர்தித்ஸீ. ஐந்தாம் வேற்றுமைக்குத் தனி வடிவம் இல்லை. ஆனால் இந்த வகைச் சொற்களில் ஆறாம் வேற்றுமையாக வேலை செய்யும் ஆகார ஈறு பழைய ஐந்தாம் வேற்றுமையின் ஈறுதான்.

இருமையில் எழுவாயும் இரண்டாவதும் *ஸிர்தித்ஸீ, ஆறும் ஏழும் *ஸிர்தித்ஸூ, மூன்றும் நான்கும் *ஸிர்தித்ஸெமா. பன்மையில் எழுவாயும் இரண்டாவதும் *ஸிர்தித்ஸா, ஆறு *ஸிர்தித்ஸி, நான்கு *ஸிர்தித்ஸெமு, மூன்று *ஸிர்தித்ஸீ, ஏழு *ஸிர்தித்ஸீஹு.

அதிகம் தவறுவது ஏழாம் வேற்றுமை ஒருமையில். 'கை' என்ற *ரொன்கா ஏழாம் வேற்றுமையில் *ரொன்த்ஸே என்று ஏகாரம் ஏற்கும். அதைப் பார்த்து *ஸிர்தித்ஸே என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு த்ஸகரமும் பிறந்த வழி வேறு. கையின் த்ஸகரத்தைப் பிறப்பித்ததே பின்னால் வரும் ஏகாரம். இதயத்தின் த்ஸகரம் முன்னால் உள்ள இகரத்தால் பிறந்தது, பிறந்தபின் அடுத்த ஈற்றை ஈகாரமாக்கியது.

மூன்றாம் வேற்றுமை ஒருமையில் உண்மையாகவே இரண்டு தெரிவுகள் உண்டு. தெற்கில் *ஸிர்தித்ஸெமி, கிழக்கிலும் மேற்கிலும் *ஸிர்தித்ஸிமி. ஒன்றை அட்டவணையில் வைத்து மற்றதை வட்டார வடிவமாகக் குறிக்கலாம், ஆனால் அட்டவணை முழுக்க ஒரே பக்கத்தைப் பின்பற்ற வேண்டும். எழுவாயில் *ஸிர்தித்ஸொ என்று ஒகரம் போடுவதும் காணக்கிடைக்கிறது. முட்டைக்கான ரஷ்யச் சொல் யய்த்ஸோ அதற்குத் தூண்டுதல். அந்த ஓகாரம் ரஷ்யத்தில் அழுத்தத்தின்கீழ் பின்னால் வந்தது, தொல்ஸ்லாவியத்துக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது.

அட்டவணை சரியா என்று சோதிக்க, அன்டொனின் ஹவ்லிக் 1889இல் பழைய செக் மொழிக்கு வகுத்த விதி உதவும். சொல்லின் கடைசியிலிருந்து குறுகிய உயிர்களை எண்ண வேண்டும். முதலாவது மறையும், இரண்டாவது முழு உயிராகும், இப்படி மாறி மாறி. இடையில் முழு உயிர் வந்தால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். ரகரத்துக்கு முன்னுள்ள குறுகிய உயிர், இதுபோன்ற மூடிய அசையில், இந்தக் கணக்கில் சேராது. *ஸிர்தித்ஸெயில் கடைசி உயிர் முழு எகரம். அதற்கு முன்னுள்ள இகரம் மறைகிறது, தகரமும் த்ஸகரமும் மோதுகின்றன. ரஷ்யமும் செக்கும் தகரத்தை எழுத்தில் மட்டும் வைத்திருக்கின்றன, போலிஷும் உக்ரைனியமும் எழுத்திலும் விட்டுவிட்டன. பன்மை ஆறாம் வேற்றுமை *ஸிர்தித்ஸியில் இறுதி இகரம் மறைய, அதன் முன்னது முழு உயிராகிறது: ரஷ்யத்தில் ஸெர்தேத்ஸ், தகரம் காதில் கேட்கிறது. போலிஷ் இங்கே ஸெர்த்ஸ் என்று மற்ற வடிவங்களோடு சமன்செய்துவிட்டது. ஆனால் 'மனமார்ந்த' என்ற ஸெர்தெச்னி தகரத்தையும் உயிரையும் சேர்த்தே காப்பாற்றியது. அந்த அடைமொழியைத் தொல்ஸ்லாவியத்தில் எழுதும்போது த்ஸகரம் போடக்கூடாது, அங்கே சகரம் வரும். ககரம் இன்னும் ககரமாக இருந்த காலத்து அண்ணமயமாக்கத்தின் விளைவு அது.

அழுத்தத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். இது நகரும் அழுத்தமுள்ள மூன்றாம் வகை: ரஷ்யத்தில் ஒருமைக்கு முதலசை, பன்மைக்குக் கடைசி அசை. லித்துவேனிய வேரில் உள்ள கூர்தொனி என்ற தனித் தொனியை இங்கே பிரதி எடுக்கக் கூடாது. அது வேரின் தகரத்தால் வந்தது என்பது மொழியியலாளர் வின்டரின் பெயரால் வழங்கும் விதி. நகரும் அழுத்த வகையில் ஸ்லாவியம் அதை இழந்தது என்பது மொழியியலாளர் மெய்யேயின் பெயரால் வழங்கும் விதி.

பொருளும் உறவுச் சொற்களும்

பொருள் வரியில் 'இதயம்' என்றே எழுத வேண்டும். எந்தச் சேய்மொழியிலும் சிறுமைப் பொருள் மிச்சமில்லை. வேண்டியபோது ஒவ்வொன்றும் புதிய சிறுமை விகுதியைச் சேர்த்துக்கொண்டது: ரஷ்யத்தில் ஸெர்தேச்கொ, செக்கில் ஸ்ர்தீச்கொ, போலிஷில் பழைய விகுதியே இல்லாத வேரிலிருந்து ஸெர்தூஷ்கொ. சிறுமை என்ற தகவல் அமைப்பு வரிக்கு உரியது, பொருள் வரிக்கு அல்ல.

தமிழில் பதிவு எழுதுபவர் சமஸ்கிருத ஹ்ருதயத்தையும் அதன்வழி வந்த இருதயம், இதயம் ஆகியவற்றையும் உறவு வரியில் சேர்க்க விரும்புவது இயல்பு. சேர்க்கலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. அதன் விகுதி வேறு, சிறுமை விகுதி அல்ல. முதல் மெய்யும் ஒழுங்காக ஒத்துவரவில்லை, ஸ்லாவிய ஸகரத்துக்கு ஈடாகச் சமஸ்கிருதத்தில் வரவேண்டியது சகர இனம், ஹகரம் அல்ல. எதிர்பார்க்கும் மெய் இருப்பது ஸ்ரத்தா என்ற சொல்லில், நம் சிரத்தை வந்த இடத்தில். அதையும் லத்தீன் க்ரேதோவையும், 'நம்புகிறேன்', இதே வேரோடு இணைப்பது வழிவழி வந்த கருத்து.

கடைசியாக *ஸெர்தா, 'நடு'. வாரத்தின் நடுநாளான புதனுக்கும் இதே பெயர்: ரஷ்யத்தில் ஸ்ரெதா, போலிஷில் ஷ்ரொதா. ஹங்கேரியம் இதைக் கடன்வாங்கி ஸெர்தா என்று சொல்கிறது. பல பதிவுகள் இதை *ஸிர்தித்ஸெயிலிருந்து பிறந்ததாகக் காட்டுகின்றன. வேரின் உயிர்நிலையே வேறு, இங்கே முழு எகரம், அங்கே தேய்ந்த இகரம். லித்துவேனியத்திலும் மரத்தின் உள்நடுவைக் குறிக்கும் ஷெர்திஸ், இதயத்தைக் குறிக்கும் ஷிர்திஸ் என்று அதே இரட்டை உண்டு. *ஸெர்தா நிற்க வேண்டியது உறவுச் சொற்களின் வரியில், பிறந்த சொற்களின் வரியில் அல்ல.